ஹவுஸ் பேட்டரி: ஈயமா, லித்தியமா? லங்காவியில் நிற்கும் 37 அடிப் படகுக்கு யோசனை வேண்டும்

லங்காவி_நங்கூரம்

வணக்கம். மலேசியாவின் லங்காவித் தீவின் மேற்குக் கரையில், தெலாகா துறைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம். நானும் மனைவியும் படகிலேயே குடியிருக்கிறோம். 37 அடிப் பாய்மரப் படகு, 30 குதிரைத்திறன் டீசல் என்ஜின், அதோடு வந்த, என்ஜின் ஓடும்போது சார்ஜ் கொடுக்கும் 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். படகின் அன்றாட மின்சாரத்துக்கான ஹவுஸ் பேட்டரியாக, கோல்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் ஈய பேட்டரி நான்கு. இரண்டிரண்டாகக் கோர்த்து 12 வோல்ட், 450 ஏ.எச். (ஆம்பியர்-மணி). என்ஜினை ஸ்டார்ட் செய்யத் தனி பேட்டரி இருக்கிறது. சோலார் 200 வாட்.

இரவு பத்து மணிக்கு 12.2 வோல்ட் காட்டுவது விடிவதற்குள் 11.6க்கு இறங்கிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்குகிறது. வாங்கி இன்னும் இரண்டாம் ஆண்டு முடியவில்லை. ஐந்து ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்ற கடைக்காரரே இப்போது, "எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லித்தியம் போடுங்கள்" என்கிறார். பக்கத்தில் நிற்கும் படகுகளில் பலரும் மாறிவிட்டார்கள். அடுத்து மலாக்கா நீரிணை வழியே தெற்கே இறங்கப் போகிறோம். அதற்கு முன் மாறிவிடலாமா?

செல்_கோர்ப்பவன் (சிங்கப்பூர்)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உங்கள் நான்கு ஈய பேட்டரியும் சேர்ந்து 112 கிலோ. அதில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் கையில் இருப்பது 225 ஏ.எச். மட்டுமே. 280 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நான்கை வாங்கிக் கோர்த்தால் செல்களின் எடை 22 கிலோவுக்குள் முடிந்துவிடும். 80 விழுக்காடு இறக்கினாலும் அதே 225 ஏ.எச். கிடைக்கும். ஆயிரக்கணக்கான சார்ஜ் சுற்றுகள் உழைக்கும். செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் துண்டிக்கும் நல்ல பி.எம்.எஸ். ஒன்று, நான்கு செல்லையும் இறுக்கிப் பிடிக்க ஒரு சட்டம், ஒரு வார இறுதி போதும்.

கச்சான் (தூத்துக்குடி)

தம்பிகள் இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கப்பலில் மின் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேட்டரி எதனால் செத்தது என்று தெரியாமல் புது பேட்டரி வாங்குகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். செத்ததற்கான காரணம் படகிலேயே இருக்கும். புதிதையும் அதுவே கொல்லும்.

லங்காவித் தம்பிக்குச் சில வேலைகள். என்ஜினை ஓட்டி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, மல்டிமீட்டரை ஹவுஸ் பேட்டரியின் டெர்மினலிலேயே நேராக வைத்து வோல்டேஜைப் பாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் வெளிமுனையில் பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி, நீண்ட நேரம் என்ஜின் ஓட்டிய நாளின் மறுநாள் காலை ஒவ்வொரு செல்லின் அடர்த்தியையும் குறியுங்கள். பன்னிரண்டு செல், பன்னிரண்டு எண். ஒன்றையும் விடக்கூடாது. பேட்டரிகள் படகில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, அங்கே என்ன வெப்பம் என்பதும் வேண்டும். ஒரு நாளில் எதெது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கும் வேண்டும்.

நடுக்கடல்_வாசகன் (சென்னை)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். படகு இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கிறோமே, உயரமான 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி, அது ஏன் படகுக்கு ஆகாது? விலை குறைவு, ஏழெட்டு ஆண்டு ஓடுகிறதே?

கச்சான்

நல்ல கேள்வி. டியூபுலர் தகடு ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுப் பெட்டி அசையாத தரைக்குச் செய்தது. உயரம் அதிகம், ஒன்று 50 கிலோவுக்கு மேல். காற்றில் படகு 25 டிகிரி சாய்ந்து மணிக்கணக்காக ஓடும்போது மூடி வழியே அமிலம் கசியும். அடியில் தேங்கும் கடல்நீரோடு பேட்டரி சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பழைய நீர்மூழ்கிகளில் மாலுமிகள் அஞ்சிய விஷயம் அது. வீட்டில் அது பல ஆண்டு ஓடுவதற்குக் காரணம், மின்வெட்டு முடிந்ததும் மறுபடி முழுதாகச் சார்ஜ் ஏறி நிறைந்தே இருப்பதுதான். இந்தக் கடைசி வரியை லங்காவித் தம்பியும் படிக்கட்டும்.

லங்காவி_நங்கூரம்

ஐயா, கேட்டவை இதோ. ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட். ஹவுஸ் பேட்டரி டெர்மினலில் 13.5. நடுவில் சார்ஜை இரண்டு பேட்டரிக்கும் பிரித்துக் கொடுக்கும் டயோடு பெட்டி இருக்கிறது. முந்தைய உரிமையாளர் காலத்தது.

ஹைட்ரோமீட்டரில் பதினொரு செல்கள் 1.190 முதல் 1.215 வரை. ஒன்று மட்டும் 1.130. பேட்டரிகள் பின்அறைக் கட்டிலுக்கு அடியில், என்ஜின் அறைத் தடுப்பை ஒட்டி இருக்கின்றன. நாள் முழுக்க என்ஜின் ஓட்டினால் அங்கே 45 டிகிரி வருகிறது.

ஒரு நாள் செலவு, மனைவி எழுதிய கணக்கு: ஃப்ரிட்ஜ் 70 ஏ.எச்., இணையத்துக்கான ஸ்டார்லிங்க் மினி 40, மடிக்கணினியும் போன்களும் 25, மின்விசிறிகள் 20, பம்பும் ரேடியோவும் 10, நங்கூர விளக்கும் மற்ற விளக்குகளும் 5. மொத்தம் 170. பயணத்தில் ஆட்டோபைலட் இதற்கு மேல்.

கச்சான்

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். இந்தக் கணக்கைப் போடாமலேயே பேட்டரி வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

200 வாட் சோலாருக்கு அந்தப் பக்கத்தில் நல்ல வெயில் நாலரை மணி நேரம் என்று வைப்போம். பாய்க்கட்டையின் நிழல், வெப்பம், வயரில் இழப்பு எல்லாம் கால் பங்கைத் தின்றுவிடும். மீதி சுமார் 675 வாட்-மணி. 12 வோல்ட் கணக்கில் 50 ஏ.எச். சொச்சம். செலவு 170. நங்கூரத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் 120 ஏ.எச். கடன். இது பேட்டரியின் நோய் அல்ல, பட்டினி.

என்ஜின் ஓட்டும் நாளில் கடன் அடைந்துவிடும் என்று நினைப்பீர்கள். அடையாது. அந்த டயோடு பெட்டி 0.7 வோல்ட்டை விழுங்குகிறது. சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறது. பேட்டரிக்குக் கிடைக்கும் 13.5 என்பது ஏற்கெனவே நிறைந்த பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்கும் ஃப்ளோட் வோல்டேஜ். இறங்கிய ஈய பேட்டரியை நிரப்ப 14.4 முதல் 14.8 வரை வேண்டும், அதுவும் பல மணி நேரம். முதல் 80 விழுக்காடு வேகமாக ஏறும். கடைசி 20 விழுக்காட்டில் பேட்டரியே மின்னோட்டத்தை வாங்க மறுக்கும். எத்தனை பெரிய ஆல்டர்னேட்டர் வைத்தாலும் அந்தப் பகுதியை அவசரப்படுத்த முடியாது. உங்கள் பேட்டரியின் நிறைந்த அடர்த்தி 1.277. 1.190, 1.215 என்றால் அறுபது எழுபது விழுக்காடு. நாள் முழுக்க என்ஜின் ஓட்டியும் அவ்வளவுதான்.

நிறையாத ஈய பேட்டரியின் தகட்டில் படியும் ஈய சல்ஃபேட் நாளடைவில் கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடும். பிறகு அந்த இடம் வேலைக்கு உதவாது. அதோடு வெப்பம் வேறு. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 45 டிகிரியில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால் கடைக்காரர் சொன்ன ஐந்தாண்டு எங்கிருந்து வரும்?

செல்_கோர்ப்பவன்

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் இதுவே லித்தியத்துக்கான வாதம் இல்லையா? அதற்கு முழுச் சார்ஜ் தேவையே இல்லை. கடைசி 20 விழுக்காட்டில் திணறாது. கொடுப்பதை எல்லாம் வாங்கும்.

கச்சான்

வாங்கும். அதுதான் தொல்லையே. 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டரிடம் 80ஐயும் இடைவிடாமல் இழுக்கும். குறைந்த வேகத்தில் ஓடும் என்ஜினில் ஆல்டர்னேட்டரின் சொந்த விசிறியும் மெல்லத்தான் சுழலும். சுற்றுக்கம்பி கருகும் வாசனையை மூக்கு கண்டுபிடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஈய பேட்டரி நிறைய நிறையத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றுகிறது. லித்தியத்திடம் அந்தக் கருணை கிடையாது.

இன்னொன்று. நிறைந்ததும், அல்லது ஒரு செல் வரம்பு மீறியதும், பி.எம்.எஸ். கதவைச் சாத்தும். ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஒரு நொடியில் காணாமல் போனால் வோல்டேஜ் எகிறும். ஆல்டர்னேட்டரின் டயோடு போகும். அதே கம்பியில் இருக்கும் ரேடியோவும், கடல் வரைபடம் காட்டும் ப்ளாட்டரும் கூடப் போகலாம்.

பவளத்திட்டு (குயின்ஸ்லாந்து)

நாங்கள் மாறியவர்கள். எங்கள் படகில் இரண்டு குழந்தைகள், ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு இயந்திரம், ஓயாத சலவை. அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

கச்சான் ஐயா ஒன்றை அழுத்திச் சொல்லவில்லை. நங்கூரத்திலேயே வாழ்கிறவர்களுக்கு ஈய பேட்டரியை நிரப்புவது உண்மையிலேயே கடினம். மெரினாவில் கரை மின்சாரம் போட்டு வாரம் ஒரு நாள் நிரப்புகிறவர்களுக்கு அது நன்றாக உழைக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு லித்தியத்தின் பெரிய நன்மை எடையோ சுற்று எண்ணிக்கையோ அல்ல. பாதியில் நின்றால் அது கெட்டுப்போவதில்லை என்பதுதான்.

ஆனால் செல்_கோர்ப்பவன் தம்பி சொல்வது போல ஒரு வார இறுதியில் முடியவில்லை. செலவில் பேட்டரி ஏறத்தாழப் பாதிதான். ஆல்டர்னேட்டரை ஸ்டார்ட்டர் பேட்டரியோடு நேராக இணைத்து, அங்கிருந்து, ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை அளவாகச் சார்ஜ் செய்யும் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக லித்தியத்துக்குக் கொடுத்தோம். சார்ஜர் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்காது, ஆல்டர்னேட்டர் கொதிப்பதில்லை. பி.எம்.எஸ். சாத்திக்கொண்டாலும் ஆல்டர்னேட்டருக்கு எதிரே ஈய பேட்டரி எப்போதும் இருக்கிறது. ஐயா சொன்ன இரண்டு ஆபத்துக்கும் இதுதான் மலிவான தீர்வு. வெப்ப உணரியோடு வெளி ரெகுலேட்டர் வைப்பது இன்னும் சிறப்பு, இன்னும் விலை.

பிறகு ஃபியூஸ். லித்தியம் பேட்டரியில் நேரடி ஷார்ட் ஏற்பட்டால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் தீப்பொறி வளைவு அதற்குள்ளேயே தொடர்ந்து எரியும். 20,000 ஆம்பியரை வெட்டக்கூடிய டி (T) வகை ஃபியூஸ் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே வேண்டும். கேபின் சுவரில் அழகாக இருக்கிறது என்று இரண்டு மீட்டர் தள்ளி வைப்பதில் பயனில்லை.

கடைசியாகக் காப்பீடு. எங்கள் நிறுவனம், தகுதி பெற்ற மின்பணியாளர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் புதுப்பிக்க முடியாது என்று எழுதியது. செல் வாங்குவதற்கு முன் உங்கள் காப்பீட்டாரிடம் எழுத்தில் கேளுங்கள்.

செல்_கோர்ப்பவன்

அக்கா, நான் வேலை செய்தது துறையிலேயே கட்டிக் கிடக்கும் படகில். அங்கே ஒரு வார இறுதிதான் ஆனது. காப்பீடு விஷயம் புதிது, கேட்டுப் பார்க்கிறேன்.

ஒரு கேள்வி. வெப்ப நாட்டில் 100 விழுக்காடு ஏற்றி வைப்பது செல்லுக்குக் கெடுதல் என்று நான் 85ல் நிறுத்திவிடுகிறேன். நீங்கள்?

பவளத்திட்டு

ஊருக்குப் போய்ப் படகைப் பூட்டிவைக்கும்போது பாதியில் விடுகிறோம். பயன்பாட்டில் இருக்கும்போது 14.2 வோல்ட் வரை ஏற்றுகிறோம். எப்போதுமே 85ல் நிறுத்தினால் செல்களைச் சமன் செய்யும் வாய்ப்பே பி.எம்.எஸ்.ஸுக்குக் கிடைக்காது; பெரும்பாலானவை மேல் நுனியில்தான் சமன் செய்கின்றன. பேட்டரியில் மீதி எவ்வளவு என்று காட்டும் மானிட்டரின் கணக்கும் மெல்ல நழுவும்.

செல்_கோர்ப்பவன்

கணக்கு நழுவுவதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் உடன்பாடு இல்லை. மாதம் ஒரு முறை மேலே கொண்டுபோனால் போதும் என்பது என் கட்சி.

லங்காவி_நங்கூரம்

இரண்டு பக்கமும் கேட்டுத் தலை சுற்றுகிறது. மூடி முத்திரையிட்ட ஈய பேட்டரியான ஏ.ஜி.எம். பற்றி யாரும் பேசவில்லையே? தண்ணீர் ஊற்றும் வேலையாவது மிச்சமாகுமே?

கச்சான்

தண்ணீர் ஊற்றும் வேலை மட்டும்தான் மிச்சம். சாய்ந்தாலும் சிந்தாது, சார்ஜைச் சற்று வேகமாக வாங்கும். பட்டினி போட்டால் அதுவும் அதே வழியில் சாகும், அதிக விலையில். உள்ளே பார்க்க முடியாததால் ஹைட்ரோமீட்டருக்கும் வேலையில்லை.

இப்போது கையில் இருப்பதைக் கவனிப்போம். 1.130 காட்டும் செல் இருக்கும் பேட்டரி தன் ஜோடியையும் கீழே இழுக்கிறது; இணையாக இருப்பதால் மற்ற ஜோடியும் இரவெல்லாம் இதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஜோடியை முழுவதும் கழற்றுங்கள். நல்ல ஜோடியைச் சமன் சார்ஜ் செய்து பாருங்கள்; செல்களெல்லாம் ஒரே அளவுக்கு வர, வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றுவது அது. துறைக்குள் போய்க் கரை மின்சாரத்தில், அதற்கான வசதி உள்ள சார்ஜரில், 15.5 வோல்ட்டுக்கு மேல், தயாரிப்பாளர் கொடுத்த வரம்புக்குள். அந்த நேரம் ஃப்ரிட்ஜ், ரேடியோ, விளக்கு எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த வோல்டேஜை அவை தாங்கா. தளத்தின் மூடிகள் திறந்திருக்கட்டும். கிளம்பும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே பற்றும். பேட்டரி சூடேறினால் நிறுத்துங்கள். மணிக்கு ஒரு முறை அடர்த்தி பாருங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தும் எண் ஏறாமல் நின்றுவிட்டால் அதற்கு மேல் வராது. ஹைட்ரோமீட்டர் கணக்கு 27 டிகிரிக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் 0.004 கூட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு சோதனை. 225 ஏ.எச். ஜோடிக்கு 11 ஆம்பியர் சுமை கொடுத்து 10.5 வோல்ட் வரும் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். புதியது 20 மணி தாங்கும். பன்னிரண்டு பதின்மூன்று மணி தாங்கினால் இந்தப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டில் விழுந்தால் பழைய ஈயக் கடைக்கு.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தவறாகச் செய்வது அது. காய்ச்சி வடித்த நீர் மட்டும். சார்ஜ் ஏறிய பிறகே ஊற்ற வேண்டும். இறங்கிய பேட்டரியில் கழுத்து வரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றுங்கள்.

பவளத்திட்டு

ஐயா சொன்னதோடு என் பங்கு. சோலாரை முதலில் பெருக்குங்கள், தம்பி. பின்புற வளைவில் 400 வாட் சேர்த்தால் மொத்தம் 600. அதே கணக்கில் நாளுக்கு 150 ஏ.எச். கடன் கிட்டத்தட்ட அடைந்துவிடும். பாய்க்கட்டையை ஒரு பக்கம் இழுத்துக் கட்டி நிழலைத் தவிர்க்க மறக்காதீர்கள். ஈயம், லித்தியம் இரண்டுக்கும் அமைப்பை மாற்றக்கூடிய எம்.பி.பி.டி. சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டியாக வாங்குங்கள். டயோடு பெட்டியைத் தூக்கிவிட்டு டி.சி.-டி.சி. சார்ஜர் போடுங்கள், ஈயத்துக்கும் அது சரியான வோல்டேஜைக் கொடுக்கும், நாளைக்கு லித்தியம் வந்தால் அப்படியே உழைக்கும். பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணும், ஷண்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று. லித்தியத்தின் வோல்டேஜ் நிறையும்போதும் தீரும்போதும் தவிர அசையவே அசையாது. அதற்கு இது இல்லாமல் கண் இல்லை. இவற்றில் ஒரு காசும் வீணாகாது. பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள்.

கச்சான்

அம்மா சொன்ன வரிசையை ஏற்கிறேன். நங்கூரத்திலேயே வாழ்கிறவர்களுக்கு லித்தியம் பொருந்தும் என்பதையும் ஏற்கிறேன். ஒரு நிபந்தனை. நள்ளிரவில் மலாக்கா நீரிணையில், ஒரு பக்கம் சரக்குக் கப்பல், மறுபக்கம் மீன்வலை, தொலைவில் சுமத்ராப் புயல்காற்று மின்னிக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். அப்போது பி.எம்.எஸ். முன்னறிவிப்பு இல்லாமல் சாத்தினால் விளக்கும் ஆட்டோபைலட்டும் சேர்ந்து அணையும். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி. 2022ல் வெளியிட்ட ஈ-13 லித்தியத் தரநிலை, துண்டிப்பதற்கு முன் படகோட்டிக்கு எச்சரிக்கை வேண்டும் என்கிறது. பழையதை எடுத்துவிட்டு அப்படியே பொருத்தலாம் என்று கடைகளில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் போன் செயலியைத் தவிர வேறு எச்சரிக்கை இல்லை. தூங்குகிறவன் போனைப் பார்ப்பானா?

லங்காவி_நங்கூரம்

எல்லோருக்கும் நன்றி. முடிவு இப்படி: டயோடு பெட்டியைக் கழற்றியாயிற்று. டி.சி.-டி.சி. சார்ஜருக்கும் 400 வாட் பேனலுக்கும் குவா நகரில் சொல்லிவைத்திருக்கிறேன். மோசமான ஜோடி கரைக்குப் போய்விட்டது. மீதி ஜோடி சமன் சார்ஜுக்குப் பிறகு 1.255 வரை ஏறியது. சுமைச் சோதனையில் பதினான்கு மணி தாங்கியது. அதை முன்அறை இருக்கைக்கு அடியில், என்ஜின் வெப்பம் எட்டாத இடத்துக்கு மாற்றப் போகிறேன். இதோடு தெற்கே இறங்குகிறோம். இரவில் ஸ்டார்லிங்க் அணைந்திருக்கும், மனைவி சம்மதித்துவிட்டார். லித்தியம் ஜோகூர் சேர்ந்த பிறகு, காப்பீட்டாரின் பதில் வந்ததும்.

முன்அறைக்கு மாற்றினால் சார்ஜரிலிருந்து பேட்டரிக்குக் கம்பி நான்கு மீட்டர் ஆகிறது. 25 சதுர மில்லிமீட்டர் போதுமா?

கச்சான்

50 ஆம்பியர், போக நான்கு, வர நான்கு, மொத்தம் எட்டு மீட்டர். 25ல் கால் வோல்ட்டுக்கு மேல் விழும். 35 போடுங்கள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருக்கட்டும். சார்ஜர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது இன்னும் நல்லது; அப்போது இழப்பு சார்ஜருக்கு முன்னால் நடக்கும், பேட்டரிக்கு வரும் வோல்டேஜ் கெடாது. அந்த நீளக் கம்பியின் என்ஜின் பக்க முனையிலும் ஃபியூஸ் வேண்டும், அங்கேயும் ஒரு பேட்டரி இருக்கிறது.

செல்_கோர்ப்பவன்

ஜோகூர் வந்ததும் எழுதுங்கள். கம்பி முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி என்னிடம் இருக்கிறது, பாலம் தாண்டிக் கொண்டுவருகிறேன்.